வியாழக்கிழமைதான் ஆரம்பித்தது

ஸ்டூல் வேண்டாம் ஐயா, நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கதை நீண்டுபோகும். உங்களுக்கும் குடோனில் திராட்சைப் பெட்டி அடுக்குகிற நேரம்.

என்னைத் தெரியலையா? நாகஜோதி அத்தையின் பிக்கப்பில் பக்கத்து சீட்டில் வருவேனே, அத்தையோட அண்ணன் மகள், கோபிகா. அந்தப் பெயரைச் சொன்னால் சுருளிப்பட்டியில் யாருக்கும் தெரியாது. மைக்செட் என்றால் சின்னப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து அத்தைக்குத் துணையாக நான்தான் வண்டியில் வந்தேன். நீங்க கூட ஒருநாள் கேட்டீங்களே, "க்கும், க்கும். இது எதுக்குத் தாயி வண்டியில? இது உக்கார்ற எடத்துல ரெண்டு பெட்டி வெச்சாலும் பிரயோசனம். என்ன, நான் சொல்றது?"

ஐயய்யோ. மன்னிச்சுக்குங்க. உங்க குரலில் சொல்ல வேண்டுமென்று நினைக்கவே இல்லை. யாரைப் பற்றிப் பேசினாலும் அவங்க குரல் தானாக வந்துவிடும். சத்தியமாகக் கிண்டல் இல்லை.

நான் வந்தது எதற்கென்றால், குமுளி லோடை அத்தைக்கே திரும்பக் குடுங்க என்று கேட்கத்தான். சனிக்கிழமையோடு நீங்க நிறுத்திட்டீங்க. வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது, சொன்ன சொல்லும் கிடையாது, பொம்பளை ஓட்டுகிற வண்டியை நம்பினது என் தப்பு என்று நாலு பேர் நடுவில் சொன்னீங்களாம். அதில் ஒன்று கூட அத்தை செய்தது இல்லை ஐயா. எல்லாம் நான் செய்தது. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்க.

அத்தைக்கு ஒரு பெருமை உண்டு. சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவேன் என்பாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒருதடவை கூடலூர் ரோட்டில் எதிரே வந்த டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தி, "அண்ணே, பெல்ட்டு அறுந்துரப் போகுது, பாத்துக்கங்க" என்றாள். அந்த ஆள், "வண்டி ஓட்டுறதோட நிறுத்திக்க தாயி" என்று சிரித்துக்கொண்டு போனார். நாங்கள் திரும்பி வரும்போது அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதே ரோட்டில் நிற்கிறார். அத்தை ஹாரனை மட்டும் இரண்டு தடவை அடித்துவிட்டு வந்தாள்.

அப்படிப்பட்ட காது. எனக்கு இருப்பது வாய். அந்தக் காதை இந்த வாய் ஏமாற்றுமா? அவ்வளவுதான் ஐயா என் யோசனை. வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

போன திங்கட்கிழமை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுகிறோம். தூசிக்காகத் துப்பட்டாவை மூக்கு வரை கட்டியிருந்தேன், உள்ளே வாய் என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? இன்ஜின் பாட்டுக்குச் சீராக ஓடுகிறது. நான் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, வெடுக்கென்று எடுத்தேன். ப்தக். நாலு துடிப்பு விட்டு இன்னொரு ப்தக். நாலு சிலிண்டரில் ஒன்று வெடிக்காமல் தவறினால் வருமே, மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்களே, அசல் அதே சத்தம். முந்தின வருசம் பால் வண்டி ஒன்று எங்கள் தெருவில் அப்படித்தான் ஓடியது. அதில் பழகினது.

அத்தை பாட்டை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஏண்டி, கேட்டியா?"

"என்னது அத்தை?"

"மிஸ் அடிக்குதுடி."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கெங்க கேக்கும், வாயி மூடுனாத்தான காது தொறக்கும்."

அதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இருமுவது போல இருமி இருமிச் சமாளித்தேன். அத்தை பாவம், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமையும் செய்தேன். மேட்டில் மட்டும்தான் செய்வேன், சமதளத்தில் செய்ய மாட்டேன். இழுவை கூடும்போது மட்டும் மிஸ் ஆனால்தானே நம்புவாள்? அந்த அளவுக்கு யோசித்துச் செய்தேன் ஐயா. சரி, அதைப் பெருமையாகச் சொல்லக்கூடாது. அன்றைக்குச் சாப்பிடும்போது அத்தை எங்கள் அம்மாவிடம், "பாத்துப் பாத்து வாங்குன வண்டி அண்ணி, இன்ஜினை நாந்தான கேட்டு வாங்குனேன், ஏமாந்துட்டனோ" என்றாள். சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை லோடு இறக்கிவிட்டு நேராக அன்வர் அண்ணன் பட்டறைக்குப் போனோம். கம்பத்தில் பெட்ரோல் வண்டிக்கு அவர்தான். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. எங்கள் வண்டியில் இன்ஜின் கோளாறுக்கு எரிகிற விளக்கும் முன்னாடி வைத்திருந்தவர் காலத்திலேயே செத்துப்போயிற்று. அதனால் கையால்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற கரண்டு ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நல்ல சிலிண்டர் ஒயரைப் பிடுங்கினால் இன்ஜின் தடுமாறும். ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்றால் பிடுங்கினாலும் ஒரு மாற்றமும் இருக்காது. அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். நாலையும் பிடுங்கினார், நாலுக்கும் தடுமாறியது.

"நாலும் நல்லாத்தான்க்கா வேலை செய்யுது."

பக்கத்தில் டயருக்குக் காற்று அடிக்க வந்த ஒரு ஆள், "ஏக்கா, வண்டிக்கு மிஸ்ஸிங்கா, காதுக்கு மிஸ்ஸிங்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை முகம் சுண்டிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையை இப்படிப் பேச விடலாமா? பானெட்டுக்கு இந்தப் பக்கம் குனிந்துகொண்டு ஒரு ப்தக் விட்டேன்.

ஆமாம் ஐயா, அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன்.

அன்வர் அண்ணன் கையைத் தூக்கினார். "இருங்க இருங்க. ஆமா, இருக்கு." அந்த டயர் ஆள் வாயை மூடிக்கொண்டார். அத்தை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! எனக்கும் சந்தோசமாக இருந்தது. அன்வர் அண்ணன் நாலு பிளக்கையும் கழற்றினார். துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் குறை இல்லை. நாலாவதை மாட்டப் போகும்போது அது கை வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. டிங். எடுத்துப் பார்த்தார், ஊதினார், மாட்டிவிட்டார். புது பிளக் கைவசம் இல்லை, மதியத் தொழுகைக்கும் நேரமாகிவிட்டது. அவரைத் தவிர அது விழுந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். அத்தை அப்போது கை கழுவப் போயிருந்தாள்.

வியாழக்கிழமை அறுபது பெட்டி. அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. போதும், விளையாட்டு அலுத்துவிட்டது என்று சும்மா வந்தேன். மூணாவது கொண்டை ஊசி வளைவு. டிக், ப்தக். டிக், ப்தக் ப்தக்.

ஐயா, நான் துப்பட்டாவுக்குள் கையை விட்டு என் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"இன்னைக்கு சாஸ்தியா இருக்குடி" என்றாள் அத்தை. வண்டி முழுக்க உதறியது. முதல் கியருக்கு இறக்கினாள், அதிலும் முக்கியது. பின்னாடி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பத்து மணி வரைதான் நிற்பேன் என்று கேரளா லாரிக்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் குமுளிக்குப் போகும்போது பத்து நாற்பது. பன்னீர் திராட்சை உங்களுக்குத் தெரியாததா, பெட்டிக்குள்ளேயே வியர்த்துவிடும். கிடைத்த ஆளிடம் தள்ளிவிட்டு வந்தோம். நீங்க திட்டினீங்க. அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்கய்யா, பாத்துர்றேன்" என்றாள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பினோம். அப்படியும் லாரி கிளம்புகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேன்னு நீங்க சொன்னீங்க.

இரண்டு நாளும் சாயங்காலம் பட்டறையில்தான் கிடந்தோம். நின்ற இடத்தில் ஓட விட்டால் இன்ஜின் கோயில் மணி மாதிரி இருக்கிறது. அன்வர் அண்ணன் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். காற்று போகிற வழியைக் கழுவினார். அத்தை, "அந்தப் பிளக்கை இன்னொருக்கா பாருங்க தம்பி" என்றாள். அதற்கு அவர் சொன்னார்:

"யோசிச்சுப் பாருங்கக்கா. நான் பிளக்கைக் கழட்டுனது புதன்கெழமை. உங்களுக்கு நோவு ஆரம்பிச்சது திங்கக்கெழமை. அப்ப பிளக்கு எப்படிக் காரணமாகும்? இது பெட்ரோல் பம்பு. மதுரைக்கு அனுப்பிப் பாக்கணும், நாலஞ்சு நாள் ஆகும்."

அவர் சொன்னது நியாயம்தானே. நோவு எப்போது ஆரம்பித்தது என்பதை வைத்துத்தானே யாரும் தேடுவார்கள்? அது திங்கட்கிழமை ஆரம்பிக்கவில்லை, வியாழக்கிழமைதான் ஆரம்பித்தது என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்தி. அவள் அங்கேயே கையில் டீயோடு நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது எங்கள் தலைமையாசிரியை குரல். "ஒய் ஆர் யூ லேட், நாகஜோதி? பேரண்ட்ஸைக் கூட்டிட்டு வா!" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தை கூடச் சிரித்தாள். இரண்டு நாளைக்கு அப்புறம் அப்போதுதான் சிரித்தாள்.

இனிமேல் சொல்லப் போவது இன்னும் யாருக்கும் தெரியாது ஐயா. கதவை வேண்டுமானால் கொஞ்சம் சாத்திக்கிறேன்.

சனிக்கிழமைக்கு நீங்க தொண்ணூறு பெட்டி என்று சொல்லியிருந்தீங்க. ஒரு சிலிண்டர் செத்த வண்டியில் தொண்ணூறு பெட்டியை வைத்துக்கொண்டு அந்த வளைவில் நின்றுபோனால்? பின்னாடி உருண்டால்? அத்தை போயே தீருவேன் என்கிறாள். உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. லோடு ஒருநாள் தள்ளிப்போனால் போதும், அதற்குள் அன்வர் அண்ணன் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து வந்ததும் என் கூடப் படிக்கிற பிள்ளையின் போனை வாங்கினேன். அத்தையைக் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்று அப்படியே சொல்கிறேன், கோபப்படாதீங்க.

"க்கும், க்கும். தாயி, ராசாங்கம் பேசுறேன். என் போன்ல சார்ஜ் இல்ல. நாளைக்குப் பழம் வெட்டல, நீ வர வேணாம். திங்கக்கெழமை வந்தாப் போதும். என்ன, நான் சொல்றது?"

அவ்வளவுதான். உங்க குரல் ரொம்பச் சுலபம் ஐயா. முன்னாடி இரண்டு தடவை தொண்டையைச் செருமினாலே பாதி ஆள் வந்துவிடும். மீதி அந்த 'என்ன, நான் சொல்றது'. எங்கள் தெருவில் எல்லாருக்கும் செய்துகாட்டியிருக்கிறேன், அப்படி ரசிப்பார்கள்...

சரி, சரி. தப்புதான். அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "ரொம்ப நல்லதாப் போச்சுங்கய்யா. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்." உங்களுக்குச் சொன்னாள். கேட்டது நான்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். தொண்ணூறு பெட்டிப் பழம் தோட்டத்து வரப்பில் வெயில் ஏறக் கிடந்திருக்கிறது. ஒன்பது மணிக்கு நீங்க போன் போட்டீங்க. நீங்கதான வேணாம்னீங்க என்று அத்தை கத்தினாள். நானா சொன்னேன், வாயில புழு விழும்டி என்று நீங்க கத்தினீங்க. போனை வைத்துவிட்டு அத்தை, "லோடை வேற ஆளுக்குக் குடுக்கணும்னா நேராச் சொல்றது, பெரிய மனுசன் இப்படியா பொய் பேசுவாரு" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீங்களும் உண்மை. அவளும் உண்மை. நான் நடுவில் தட்டில் இட்லி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பைக் கழற்றி மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய அத்தை பட்டறைக்குப் போனாள், நானும் போனேன். "அன்வர் அண்ணே, பம்பைக் கழட்டாதீங்க" என்றேன். "திங்கக்கெழமைச் சத்தம் இது" என்று துப்பட்டா இல்லாமல், வாய் தெரிய, செய்துகாட்டினேன். ப்தக். "வியாழக்கெழமைச் சத்தம் இது." டிக், ப்தக்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அன்வர் அண்ணன்தான் கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டாவதை இன்னொருக்கா செய்" என்றார். செய்தேன். "முன்னாடி ஒரு டிக் வருதா?" வருது அண்ணே. "நெசமாவா, நீயாச் சேத்துக்கிட்டியா?" இல்லண்ணே, அது வண்டியோட சத்தம். "நாலாவது பிளக்குதான அன்னைக்குக் கீழ விழுந்துச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கழற்றி, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கரியைத் தேய்த்துத் துடைத்தார். மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு நின்றது. விழுந்ததில் வந்த விரிசல். காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. மேட்டில் இழுவை கூடினால் கரண்டு அந்த விரிசல் வழியாக வெளியே தாவிவிடும், அந்த டிக் அதுதான். புது பிளக் மாட்டப் பத்து நிமிசம் ஆகவில்லை. "கீழ விழுந்ததை மாட்டுனது என் தப்புக்கா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரம் தேடினது பத்து நிமிச வேலை.

அத்தை என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். வண்டியில் கல்மூட்டை ஏற்றி மலையில் பாதி தூரம் ஓட்டிப் பார்த்தோம். சுத்தமாக ஏறியது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் என் பக்கம் திரும்பி, "வாயைக் காட்டு" என்றாள். காட்டினேன். அடுத்த வளைவு. "வாயைக் காட்டு." நாலாவது வளைவில் வண்டியை நிறுத்தி, "நீ எறங்கிரு கோபி. நீ பக்கத்துல இருந்தா எனக்கு என் காது மேல நம்பிக்கை வரமாட்டேங்குது" என்றாள். இறங்கி நின்றேன். வண்டி மேலே போய்த் திரும்பி வரும்வரை ரோட்டோரம் நின்றேன். டிராக்டர் பெல்ட் அறுவதைக் கேட்ட காது அது.

மிஸ்ஸிங் விசயம் இப்போது அத்தைக்குத் தெரியும். போன் விசயம் தெரியாது. அதுவும் தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டாள். அதனால்தான் ஐயா, உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. நீங்களே அத்தைக்குப் போன் போட்டு, ஆமா தாயி, நான்தான் அன்னைக்கு வேணாம்னு சொன்னேன், மறந்துட்டேன், வேலை நெருக்கடி, நாளையில இருந்து வண்டியைக் கொண்டா என்று சொல்லிடுங்க. யாருக்கும் மனக்கசப்பு இல்லை. உங்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வரலைன்னா போனை மட்டும் குடுங்க, நானே உங்க குரலில் சொல்லிடறேன். அத்தைக்கு வித்தியாசமே தெரியாது.

ஏன் ஐயா அப்படிப் பார்க்கறீங்க?

யாருக்குப் போடறீங்க? அத்தைக்கா? ரொம்ப நன்றி ஐயா. நான் சொன்ன மாதிரியே, மறந்துட்டேன் என்று மட்டும்... ஸ்பீக்கர் எதுக்கு? எல்லாருக்கும் கேட்குமே.

"ஐயா, நாகஜோதிங்கய்யா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு நிமிசம், நான் சொல்லி முடிச்சுர்றேன். அன்னைக்கு நீங்க வேணாம்னு போன் பண்ணதாச் சொன்னேன்ல, அது பொய்யிங்கய்யா. வண்டி மக்கர் பண்ணுச்சு. சொன்னா லோடு போயிருமேன்னு பயந்து உங்க மேலயே பழியைப் போட்டுட்டேன். பொய் சொல்லிட்டேங்கய்யா, மன்னிச்சுக்கங்க. இப்ப வண்டி சுத்தமா இருக்கு. ஒரே ஒரு நாள் லோடு குடுத்துப் பாருங்க. ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

இல்லை. இல்லை ஐயா, அவள் சொல்வது... அத்தை யாரிடமும் இப்படிக் கெஞ்சினதே கிடையாது. பொய்யும் சொன்னது கிடையாது. இதுதான் அவள் சொல்கிற முதல் பொய்.

போனை இப்படிக் குடுங்க. செரும மாட்டேன், குடுங்க ஐயா.

அத்தை, கோபிகா பேசுறேன். ராசாங்கம் ஐயா குடோன்லதான் நிக்கிறேன். நீ பொய் சொல்லல அத்தை. வெள்ளிக்கெழமை உனக்குப் போன் வந்துச்சு.